கிளியரிங்: சிகாகோவைச் சுற்றி வளைத்த ஷன்டிங் ரயில்வே

செக் போட்டுவிட்டுப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டால் வங்கியில் "கிளியரிங்கில் இருக்கு" என்பார்கள். ஒரு வங்கியின் செக்கை இன்னொரு வங்கி வாங்கிக் கணக்கு நேர் செய்ய ஒரு பொது இடம் வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். சிகாகோ நகரின் தென்மேற்கு ஓரத்தில் கிளியரிங் என்றே ஒரு பேட்டை இருக்கிறது. வங்கிக்காரர்களின் அதே சொல்தான். அங்கே கைமாறியவை மட்டும் வேறு: ரயில் வேகன்கள்.

அந்தப் பேட்டையை ஒட்டி நீளும், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் களமான கிளியரிங் யார்டையும், அதை நடத்தும் பெல்ட் ரயில்வே ஆஃப் சிகாகோ என்ற நிறுவனத்தையும் பற்றியது இந்த ஆய்வு. அந்த ரயில்வேயின் முக்கியப் பாதை வெறும் 28 மைல். தொலைதூர விரைவு வண்டி ஓட்டிப் பெயர் வாங்கிய நிறுவனம் அல்ல அது. ஆனால் வட அமெரிக்காவின் மிகப்பெரிய சரக்கு ரயில் நிறுவனங்கள் ஆறும் இன்று அதன் பங்காளிகள். சந்தையில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் நிறுவனங்கள், ஒரு யார்டை மட்டும் ஏன் பொதுவில் வைத்திருக்கின்றன? என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது இந்தக் கேள்விதான். பழைய கதையைக் கிளறிப் பார்த்தால், தண்டவாளத்தை எப்படி வளைப்பது என்பதைவிட, வளைத்த தண்டவாளம் யாருடையது என்பதே அங்கே முப்பது ஆண்டுகளாகப் பெரிய சிக்கலாக இருந்திருக்கிறது.

எல்லாப் பாதையும் முடிகிற ஊர்

சிகாகோவில் முதல் ரயில் ஓடியது 1848-ல். அடுத்த பத்தாண்டுக்குள் அது நாட்டின் தலையாய ரயில் சந்திப்பாகிவிட்டது. சந்திப்பு என்றதும் விழுப்புரம், ஜோலார்பேட்டை மாதிரி நினைத்துவிடக் கூடாது. கிழக்கே நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் பக்கமிருந்து வந்த கம்பெனிகளின் பாதைகள் எல்லாம் சிகாகோவில் வந்து முடிந்தன. மேற்கே அயோவா, மின்னசோட்டா, கான்சாஸ் பக்கம் போன கம்பெனிகளின் பாதைகள் எல்லாம் சிகாகோவில் தொடங்கின. ஊரைக் குறுக்கே கடந்து இரண்டு பக்கமும் ஓடிய பெரிய கம்பெனி என்று ஒன்று இல்லை.

நாடு முழுக்க ஒரே ரயில்வே ஓடும் இடத்தில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று உறைக்காது. நெல்லூரில் ஏற்றிய வேகன் மதுரைக்குப் போகிறது என்றால் வழியில் யாரும் யாருக்கும் அதை "ஒப்படைக்க" வேண்டியதில்லை. அங்கே அப்படி இல்லை. அயோவாவில் சோளம் ஏற்றிய வேகன் பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டுமென்றால், மேற்குக் கம்பெனியின் வண்டி அதைச் சிகாகோவில் தன் யார்டில் கழற்றி விடும். அங்கிருந்து கிழக்குக் கம்பெனியின் யார்டுக்கு யாரோ அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு கம்பெனி இன்னொன்றுக்கு வேகனைக் கையளிக்கும் இந்த வேலையையும், வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலையையும் அமெரிக்கர்கள் ஸ்விட்சிங் என்பார்கள். நம் ரயில்வேக்காரர்கள் சொல்லும் ஷன்டிங்தான் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் 20 கம்பெனிகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டிரண்டாகச் சேர்க்கும்போது 190 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக வேகன் கொண்டுபோய், கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்தக் குட்டி வண்டிகள் எல்லாம் நகரின் நடுவே, தெருக்களைக் குறுக்கே வெட்டி, ஒருவர் தண்டவாளத்தை இன்னொருவர் தண்டவாளம் சமதளத்திலேயே கடக்கும் இடங்களில் காத்துக் கிடந்து போயின. சிகாகோ ஆற்றில் கப்பல் வந்து பாலம் திறந்தால் அதற்கும் ஒரு காத்திருப்பு. ஆயிரம் மைலைச் சில நாளில் கடந்து வந்த சோளம், கடைசிச் சில மைலுக்குள் நாள்கணக்கில் முடங்கியது.

கூட்டாக ஒன்றைக் கட்ட இந்தக் கம்பெனிகளுக்குத் தெரியாமல் இல்லை. 1865 கிறிஸ்துமஸ் அன்று திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற பெரிய கால்நடைச் சந்தைக்குப் பின்னால் இருந்தவை ஒன்பது ரயில் கம்பெனிகள். ஊருக்குள் சிதறிக் கிடந்த மாட்டுத் தொழுவங்கள் ஒரே இடத்துக்கு வந்தன. மாட்டுக்கு ஒப்புக்கொண்டவர்கள் வேகனுக்கு ஒப்புக்கொள்ள மட்டும் இன்னும் நெடுநாள் ஆனது.

தாமதமாக வந்தவர்கள் போட்ட வளையம்

1870-களின் கடைசியில் சிகாகோவுக்குள் நுழைய முயன்ற கம்பெனிகளுக்கு ஊருக்குள் இடமே இல்லை. நல்ல நிலம் எல்லாம் முன்னால் வந்தவர்கள் கையில். 1879-ல் சிகாகோ அண்ட் வெஸ்டர்ன் இண்டியானா என்ற கம்பெனி உருவானது. சிகாகோ அண்ட் ஈஸ்டர்ன் இல்லினாய், வபாஷ், கிராண்ட் ட்ரங்க், பின்னாளில் ஈரி என்று அறியப்பட்ட பாதை, மோனான் என்று அழைக்கப்பட்ட பாதை என ஐந்து தாமத வரவுகள் அதன் பின்னால் ஒன்று சேர்ந்தன. தனித்தனியே வாங்க முடியாத வழியைச் சேர்ந்து வாங்கினார்கள். அவர்களுடைய பயணிகள் நிலையம்தான் 1885-ல் திறந்த டியர்பார்ன் ஸ்டேஷன். அதன் செங்கல் கடிகாரக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

சரக்குக்கு அவர்கள் செய்த ஏற்பாடு ஊருக்கு வெளியே போனது. 1882-ல் பெல்ட் ரயில்வே ஆஃப் சிகாகோ பதிவானது. வடமேற்கே கிராகின் என்ற இடத்தில் தொடங்கி, நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 6 மைல் மேற்கே தெற்கு நோக்கி இறங்கி, பிறகு கிழக்கே திரும்பித் தெற்குச் சிகாகோவின் ஆலைப் பகுதிக்குப் போய்ச் சேரும் பாதை. வரைபடத்தில் பார்த்தால் முழு வளையம் இல்லை, பாதி வளையம்தான். மறுபாதியை மிச்சிகன் ஏரி எடுத்துக்கொண்டது. ஆனால் சிகாகோவுக்கு வரும் ஏறக்குறைய ஒவ்வொரு பாதையும் இந்தப் பாதி வளையத்தை எங்கேயோ ஓரிடத்தில் கடந்துதான் ஆக வேண்டும். அதில்தான் அதன் பலம். 20 கம்பெனிக்கு 190 ஜோடி என்ற கணக்கு இங்கே உடைகிறது. எல்லோரும் வளையத்திடம் கொடுத்து, வளையத்திடம் வாங்கினால் 20 இணைப்பு போதும்.

நம் ஊர்களில் பைபாஸ் போட்ட மறுவருஷமே இருபுறமும் கடை முளைப்பதைப் பார்த்திருப்போம். அங்கே முளைத்தவை ஆலைகள். எந்தக் கம்பெனியின் பாதையிலும் சரக்கை அனுப்ப முடியும் என்பது ஒரு தொழிற்சாலைக்கு எத்தனை பெரிய வசதி! ஒரே கம்பெனியின் தண்டவாளத்தில் ஆலை வைத்தால் அவர்கள் சொல்லும் சரக்குக் கட்டணத்துக்குத் தலையாட்ட வேண்டும். பெல்ட் பாதையில் வைத்தால் யாரிடமும் பேரம் பேசலாம்.

மேற்கே சிசரோவில் 1905 வாக்கில் எழுந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் ஹாதார்ன் ஆலையை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். டெலிபோன் செய்த ஆலை அது. உச்சத்தில் 40,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஆலைக்குள் வேகன் தள்ளுவதற்கென்றே மேனுஃபாக்சரர்ஸ் ஜங்ஷன் ரயில்வே என்ற குட்டி ரயில்வே ஒன்று இருந்தது. அது பெல்ட் பாதையில் வந்து சேர்ந்து வெளியுலகத்தைத் தொட்டது. 1980-களில் ஆலை மூடிவிட்டது. அந்தக் குட்டி ரயில்வே, தாய் ஆலை போன பிறகும், அக்கம்பக்கத்துக் கிடங்குகளுக்கு வேகன் தள்ளிப் பிழைத்துக்கொண்டது.

ஸ்டிக்னியின் வட்டம்

வளையம் இருந்தது. ஆனால் வளையத்தில் ஓடும் வேகன்களைப் பிரிக்க ஒரு பெரிய களம் இல்லை. அதைக் கனவு கண்டவர் ஆல்ஃபியஸ் பீட் ஸ்டிக்னி. பின்னாளில் சிகாகோ கிரேட் வெஸ்டர்ன் என்று பெயர் பெற்ற ரயில்வேயின் தலைவர். அவருடைய பாதையும் சிகாகோவுக்குத் தாமதமாக, 1880-களின் பிற்பகுதியில் வந்ததுதான். வேகன் கைமாற்றும் சிக்கலில் அதிகம் அடிபடுவது புதிதாக வந்தவர்கள் என்பதால், வழி தேட வேண்டிய அவசரமும் அவர்களுக்கே இருந்தது.

ஸ்டிக்னி நகரின் தென்மேற்கே, வெறும் புல்வெளியாகக் கிடந்த நிலத்தில் பெரும்பரப்பை வளைத்துப் போட்டார். ஒரு மைல் விட்டத்தில் வட்டமாக ஒரு தண்டவாளம். எல்லா ரயில்வேக்களும் அந்த வட்டத்தின் விளிம்பில் வந்து இணையும். உள்ளே வேகன்கள் பிரிக்கப்பட்டு வேண்டிய திசையில் வெளியேறும். வங்கிகள் செக்குகளை ஒரே மேசையில் வைத்துத் தீர்த்துக்கொள்வது போல ரயில்வேக்கள் வேகன்களை ஒரே வட்டத்தில் தீர்த்துக்கொள்ளும். கிளியரிங் என்ற பெயர் இந்தக் கனவிலிருந்து வந்தது. ஸ்டிக்னியின் பெயரிலும் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது.

1893-ல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி தாக்கியது. ரயில் கம்பெனிகள் சரம்சரமாகத் திவாலாயின. வட்டம் அத்தோடு நின்றது.

நெருக்கடி மட்டும்தான் காரணம் என்று பலரும் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு கம்பெனியின் வேகன் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடினால், ஓடிய மைலுக்குத்தான் வாடகை. வேகன் சும்மா நின்றால் வாடகையே இல்லை. அடுத்தவன் வேகனை நம் யார்டில் பத்து நாள் நிறுத்தி வைத்தால் நமக்குக் காசு செலவு கிடையாது. அதை ஓசிக் கிடங்காகக்கூடப் பயன்படுத்திக்கொள்ளலாம். இப்படி இருக்கும்போது, வேகனை வேகமாகக் கைமாற்றும் வட்டத்துக்குப் பணம் போட யார் முன்வருவார்கள்? 1902-ல்தான் நாள் வாடகை முறை வந்தது. வேகன் நின்றாலும் ஓடினாலும் நாளொன்றுக்கு 20 சென்ட். 20 சென்ட் பெரிய தொகை இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வேகன் நிற்கும் யார்டில் தினமும் கூடும் கணக்கு அது. நின்ற வேகனுக்கு விலை வந்த பிறகுதான் அதை நகர்த்தும் இடத்துக்கும் மதிப்பு வந்தது என்பது என் வாசிப்பு.

அந்த இடைவெளிக்குள் வடிவமும் மாறியிருந்தது. 1900-களின் தொடக்கத்தில் அதே நிலத்தில் வட்டத்துக்குப் பதிலாக நேர்க்கோட்டு யார்டு ஒன்று எழுந்தது. நடுவே செயற்கையாக ஒரு மேடு. ஹம்ப் என்பார்கள். வேகனை மேட்டின் உச்சிக்குத் தள்ளிக் கழற்றி விட்டால், மறுபக்கச் சரிவில் அதுவாகவே உருண்டு தனக்குரிய தண்டவாளத்தில் போய் நிற்கும். வட்டம் காகிதத்தில் அழகு. ஆனால் நீண்ட வேகன் வரிசைகளை வளைவிலேயே பிரிப்பது சிரமம். மேடு என்றால் புவியீர்ப்பு பாதி வேலையைச் செய்துவிடும்.

1912: பங்காளிகள்

மேடு வந்தும் யார்டு உடனே செழிக்கவில்லை. அது ஒரு தனிக் கம்பெனியின் சொத்தாக இருந்தவரை, பெரிய ரயில்வேக்கள் தங்கள் வேகன்களை அங்கே அனுப்பத் தயங்கின. எவருடைய வேகன் முன்னால் போகும், எவருடையது காத்திருக்கும் என்பதை வெளியாள் ஒருவர் தீர்மானிப்பதை அவை விரும்பவில்லை. தம் சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற விவரம் போட்டியாளர் கண்ணில் படுவதும் பிடிக்காது.

1912-ல் இந்த முடிச்சு அவிழ்ந்தது. ஒரு டஜன் ரயில்வேக்கள் சேர்ந்து பெல்ட் ரயில்வேயைத் தங்கள் பொது உடைமையாக்கிக்கொண்டன. கிளியரிங் யார்டும் அதன் கைக்கு வந்தது. சான்டா ஃபே, பர்லிங்டன், ராக் ஐலண்ட், இல்லினாய் சென்ட்ரல், பென்சில்வேனியா, ஈரி, வபாஷ், சூ லைன் என்று அந்தப் பட்டியலில் இருந்த பெயர்களைப் பாருங்கள். ஒருவர் சரக்கை இன்னொருவர் தட்டிப் பறிக்கப் பார்த்தவர்கள்தாம். முதலில் வளையத்தைப் போட்ட ஐந்து தாமத வரவுகளோடு, முன்பே ஊருக்குள் இடம் பிடித்திருந்தவர்களும் இப்போது அதே மேசையில் உட்கார்ந்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அந்த ஒற்றுமைகூட இல்லை இது. அவரவர் வீட்டில் பகை. தேர் மட்டும் பொது.

ஸ்டிக்னி கேட்டது ஏறக்குறைய இதைத்தான். இருபது ஆண்டுக்கு முன் அவர் அதைத் தன் நிலத்தில், தன் வட்டமாகக் கேட்டார். 1912-ல் அது எல்லோருடைய யார்டாகவும் யாருடையதும் அல்லாததாகவும் இருந்தது. மேட்டின் உயரமோ தண்டவாளத்தின் வளைவோ அல்ல, இந்த மாற்றம்தான் யார்டைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே ஆண்டு கிளியரிங் தனி ஊராகப் பதிவானது. 1915-ல் சிகாகோவோடு இணைந்தது. யார்டைச் சுற்றிய நிலத்தில் திட்டமிட்ட தொழிற்பேட்டை வளர்ந்தது.

மேட்டிலிருந்து இறங்கிய ஆள்

இந்தக் கதையை எழுதும்போது என் மனம் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் அந்த மேடுதான். ஒவ்வொரு வேகனாகப் பார்க்கலாம்.

வெளியூர் வண்டி வந்து, வரவு யார்டில் நிற்கிறது. அதை இழுத்து வந்த என்ஜின் கழன்று போகிறது. ஆட்கள் வரிசை நெடுக நடந்து, ஒவ்வொரு வேகனின் பிரேக் சிலிண்டரிலும் உள்ள காற்றை இறக்கி விடுகிறார்கள். காற்று இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு வேகன் உருளாது. பின்பக்கமிருந்து ஷன்டிங் என்ஜின் ஒன்று, நடந்து போகும் வேகத்தில், மொத்த வரிசையையும் மேட்டை நோக்கித் தள்ளுகிறது. உச்சியில் நிற்பவர், எந்த வேகன் எந்தத் தண்டவாளத்துக்கு என்ற பட்டியலைப் பார்த்து, வேகன்களை இணைக்கும் கப்ளிங்கின் கம்பியைத் தூக்கி விடுகிறார். வேகன் பிரிகிறது. சரிவில் வேகம் எடுக்கிறது. கீழே பாதையை மாற்றிவிடும் பாயின்ட்டுகள் திரும்ப, வேகன் தனக்குரிய தண்டவாளத்தில் போய், ஏற்கெனவே நிற்கும் வேகனில் "டமார்" என்று மோதிச் சேர்ந்துகொள்கிறது.

அந்த மோதல் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்பதுதான் எல்லாம். வேகம் குறைந்தால் வேகன் பாதியிலேயே நின்றுவிடும். கூடினால் உள்ளே இருக்கும் சரக்கு நொறுங்கும், சில சமயம் வேகனே தடம் புரளும். முதல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இந்த வேகத்தைக் கட்டுப்படுத்தியது மனிதக் கை. உருளும் வேகனின் மேல் ஓர் ஆள் நிற்பார். கார் ரைடர் என்று பெயர். வேகனின் உச்சியில் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருகினால் கைப்பிரேக் பிடிக்கும். வேகன் இறங்க இறங்க அவர் அந்தச் சக்கரத்தைத் திருகி, எதிரே நிற்கும் வேகனுக்கு இன்னும் எத்தனை அடி என்று கண்ணாலேயே அளந்து, இதமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பிறகு இறங்கி மறுபடி மேட்டுக்குப் போய் அடுத்த வேகனில் ஏறுவார். பகலிலும் இரவிலும், சிகாகோவின் ஜனவரிப் பனியிலும், இரும்பு ஏணி உறைந்து வழுக்கும்போதும் இதே வேலை.

அதற்கும் முந்தைய தலைமுறை இன்னும் மோசமாக அடிபட்டது. வேகன்களை இணைக்க அப்போது ஒரு வளையமும் ஒரு ஆணியும்தான். இரண்டு வேகன் மோதும் நொடியில் நடுவே கையை நீட்டி வளையத்தைச் சரியாகப் பிடித்து ஆணியைச் சொருக வேண்டும். விரல் போனவர் எண்ணிக்கைக்கு அளவில்லை. இரண்டு விரல் இல்லாதவரைப் பார்த்தால் அனுபவசாலி என்று வேலைக்கு எடுப்பார்கள் என்ற பேச்சே அந்தத் தொழிலில் புழங்கியது. 1893-ல் இயற்றிய பாதுகாப்புச் சட்டம் தானே பூட்டிக்கொள்ளும் கப்ளிங்கைக் கட்டாயமாக்கியது. அது முழுதாக அமலுக்கு வர 1900 ஆனது. தானே பூட்டும் கப்ளிங் இருந்தால்தான் மேட்டிலிருந்து உருண்டு வந்து மோதும் வேகன்கள் ஆள் கைபடாமல் சேர்ந்துகொள்ளும். யார்டின் வரலாற்றில் இந்தச் சட்டத்துக்கு நான் பெரிய இடம் கொடுப்பேன்.

கார் ரைடர் வேலைக்கு முடிவு பக்கத்து வளையத்திலிருந்து வந்தது. சிகாகோவுக்குத் தென்கிழக்கே, இண்டியானா மாநிலத்தின் கிப்சன் யார்டில், இண்டியானா ஹார்பர் பெல்ட் என்ற போட்டி வளைய ரயில்வே 1924-ல் ரிட்டார்டர் என்ற கருவியைப் பொருத்தியது. அதை உருவாக்கியதில் அந்த ரயில்வேயின் அதிகாரி ஜார்ஜ் ஹானவருக்கு முக்கியப் பங்கு. தண்டவாளத்தின் இருபக்கமும் நீளமான இரும்புக் கட்டைகள். மேட்டிலிருந்து வரும் வேகனின் சக்கரங்களை அவை இருபுறமும் கவ்விப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். கோபுரத்தில் உட்கார்ந்த ஒருவர் விசையைத் தள்ளினால் போதும். இரும்பில் இரும்பு உரசும் அந்தக் கீச்சுக் குரல் மேட்டு யார்டுகளின் அடையாளமாகிவிட்டது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதுவே தீராத தொல்லை. ஆனால் ஒவ்வொரு வேகனின் உச்சியிலும் பனியில் நின்ற அந்த ஆளுக்கு இனி அங்கே நிற்க வேண்டியதில்லை. கூடவே அவர் வேலையும் போனது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீராவி என்ஜின்கள் போய் டீசல் வந்தபோது பெல்ட் ரயில்வே வாங்கிய சில என்ஜின்கள் ஜோடியாக வந்தன. ஒன்றில் டிரைவர் கூண்டு இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே ஓடும். அமெரிக்க ரயில்வேக்காரர்கள் அந்த ஜோடிக்கு வைத்த பெயர் பசுவும் கன்றும். மேட்டில் நீண்ட வரிசையை மெதுவாக, ஒரே சீராகத் தள்ள இரட்டை பலம் வேண்டியிருந்தது.

விமான நிலையத்தைக் கடந்த தண்டவாளம்

1927-ல் பெல்ட் பாதை ஓடிய பகுதியிலேயே சிகாகோ நகராட்சி ஒரு விமான நிலையம் தொடங்கியது. சில ஆண்டுகளில் உலகின் மிகச் சுறுசுறுப்பான விமான நிலையமாகிவிட்டது. விரிவாக்க இடம் வேண்டும். ஒரு மைல் சதுரமான அந்த நிலத்தின் குறுக்கே, ஓடுபாதைகளின் வடக்கு ஓரத்தை ஒட்டி, வேகன்கள் போய்க்கொண்டிருந்தன. வழக்கு நடந்து, சிகாகோ அண்ட் வெஸ்டர்ன் இண்டியானா தன் தண்டவாளத்தைச் சதுரத்துக்கு வெளியே நகர்த்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 1941 வாக்கில் பாதை மாறியது. 1949 முதல் அந்த விமான நிலையத்துக்கு மிட்வே என்று பெயர். இன்று அங்கே இறங்கும் விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சதுரத்தைச் சுற்றி வளைந்து போகும் அந்த இரும்புக் கோடு கண்ணில் படும்.

ஒரு டஜன் ஆறானது

1912-ல் கையெழுத்திட்ட பெயர்கள் ஒன்றொன்றாக மறைந்தன. ராக் ஐலண்ட் 1980-ல் முற்றாக மூடியது. பென்சில்வேனியாவும் ஈரியும் திவாலான கம்பெனிகளுக்குள் கரைந்தன. மோனான் இன்றைய சிஎஸ்எக்ஸுக்குள் போனது. வபாஷ் நார்ஃபோக் சதர்னுக்குள். பர்லிங்டனும் சான்டா ஃபேயும் பிஎன்எஸ்எஃப்புக்குள். இல்லினாய் சென்ட்ரலும் கிராண்ட் ட்ரங்கும் கனடியன் நேஷனலுக்குள். சூ லைன் கனடியன் பசிபிக்குக்குள்; அது 2023 முதல் கனடியன் பசிபிக் கான்சாஸ் சிட்டி. யூனியன் பசிபிக்கையும் சேர்த்தால் இன்றைய ஆறு பங்காளிகள். பெற்றோர் எல்லாம் பெயர் மாறி, செத்து, இணைந்து போன பிறகும் குழந்தை மட்டும் 1882-ல் வைத்த பெயரோடே இருக்கிறது.

ஊரும் மாறியது. தெற்குச் சிகாகோவின் பெரிய எஃகு ஆலை 1992-ல் மூடியது. ஸ்டாக் யார்ட்ஸ் 1971-லேயே போய்விட்டது. பெல்ட் பாதையோரத்து ஆலைகளின் சரக்கு மெலிந்தது. ஆனால் ஊரைக் கடந்து போகும் சரக்கு மெலியவில்லை. அமெரிக்க ரயில் சரக்கில் ஏறக்குறைய கால்பங்கு இன்றும் சிகாகோ வட்டாரத்தைத் தொட்டுத்தான் போகிறது.

1999 ஜனவரி முதல் வாரம் பெரும் பனிப்புயல் வந்தபோது இந்தச் சார்பு எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்தது. சிகாகோவின் யார்டுகள் உறைந்து நின்றன. அடைப்பு பின்னோக்கிப் பரவி, நாட்டின் மறுகோடி வரை வண்டிகள் தேங்கின. அதன் பிறகுதான் எல்லா ரயில்வேக்களும் சேர்ந்து சிகாகோவுக்கென ஒரு பொது ஒருங்கிணைப்பு அலுவலகம் வைத்தன. 2003-ல் க்ரியேட் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது: அரசும் ரயில்வேக்களும் சேர்ந்து பணம் போட்டு, பாதைகள் ஒன்றையொன்று சமதளத்தில் வெட்டும் இடங்களை மேம்பாலமாக்குவது உள்ளிட்ட 70 பணிகள்.

அவற்றில் மிகக் கடினமானது பெல்ட் ரயில்வே கிழக்கு நோக்கி ஓடும் 75-வது தெருப் பகுதி. அங்கே ஃபாரஸ்ட் ஹில் என்ற இடத்தில் தெற்கு வடக்காக ஓடும் சிஎஸ்எக்ஸ் பாதை பெல்ட் பாதையைச் சமதளத்திலேயே வெட்டி வந்தது. ஒரு பக்க வண்டி கடந்தால்தான் மறுபக்க வண்டிக்கு வழி. சற்றுக் கிழக்கே உள்ள பெல்ட் ஜங்ஷனில் புறநகர்ப் பயணிகள் வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. 2018-ல் அங்கே வேலை தொடங்கியது. வேகன் மேடு ஏறுவதை 1900-களிலேயே தீர்த்துவிட்ட ஊர், அங்கே இரண்டு தண்டவாளம் குறுக்கிடுவதைத் தீர்க்கத் தொடங்கவே நூறாண்டுக்கு மேல் ஆனது.

ஊரை முழுதாகத் தவிர்த்துவிடப் பார்த்தவர்களும் உண்டு. நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 30 மைல் தள்ளி, வாகீகனிலிருந்து இண்டியானா வரை பெரிய வில்லாக வளையும் எல்ஜின், ஜோலியட் அண்ட் ஈஸ்டர்ன் பாதையைக் கனடியன் நேஷனல் 2009-ல் 30 கோடி டாலருக்கு வாங்கியது. அது வெளி வளையம். நெடுங்காலம் எஃகுக் கம்பெனியின் சொத்து. அந்த வழியில் போகும் வண்டிகளுக்குச் சிகாகோவின் நெரிசலே தெரியாது. ஓரத்துப் புறநகர் மக்கள் தங்கள் லெவல் கிராசிங்குகளில் இப்போது வண்டிகள் அதிகம் நிற்பதாகக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நகரத்துக் கேட்டில் குறைந்த காத்திருப்பு அவர்கள் ஊர் கேட்டுக்கு மாறியது, அவ்வளவுதான். ஆனாலும் கனடியன் நேஷனல் பெல்ட் ரயில்வேயின் பங்கை விடவில்லை. சொந்தமாக ஒரு வளையம் வாங்கியவர்களுக்கும் பொது மேடு தேவைப்பட்டது.

கிளியரிங் யார்டு இன்று ஐந்தரை மைல் நீளம், 786 ஏக்கர். உள்ளே சுமார் 250 மைல் தண்டவாளம். மேட்டின் இரு புறமும் கிழக்கே போகும் வேகன்களுக்கும் மேற்கே போகும் வேகன்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள். முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளில் 40 முதல் 50 மைல் நீள வண்டிகளைப் பிரித்துக் கோக்க முடியும் என்று நிறுவனம் சொல்கிறது. பாயின்ட்டுகளைக் கணினி திருப்புகிறது. வேகனின் எடையையும் வேகத்தையும் அளந்து ரிட்டார்டர் எவ்வளவு கவ்வ வேண்டும் என்பதையும் கணினிதான் சொல்கிறது.

மேட்டின் உச்சியில் கப்ளிங்கின் கம்பியைத் தூக்கி விடுவது மட்டும் இன்னும் ஒரு மனிதக் கை. வரிசை மெதுவாக நகர, அவரும் அதோடு இரண்டு எட்டு நடந்து, கம்பியைத் தூக்குகிறார். வேகன் பிரிந்து சரிவில் இறங்குகிறது. அவர் அடுத்த வேகனுக்குத் திரும்பி நடக்கிறார்.